புது கார் இன்ஜின் சத்தமும் நடுக்கமும்: கடைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை

தென்காசிப் பக்கம் செங்கோட்டையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை, ஆனால் காலையில் ஷட்டர் தூக்கியதிலிருந்து ராத்திரி இறக்குகிற வரைக்கும் மெக்கானிக்குகளோடும் வண்டிக்காரர்களோடும்தான் பொழுது போகிறது. புது கார் எடுத்து ஒரு மாதம் ஆகாத ஆள் கடைக்கு வந்தால் சாமான் வாங்க வரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்துவிடும். "அண்ணாச்சி, ஒரு நிமிஷம் வெளிய வாங்க, இந்தச் சத்தத்தக் கேளுங்க" என்பார். போய் நின்று கேட்பேன். பத்தில் எட்டு தடவை அது வண்டியின் குணம், கோளாறு இல்லை. மீதி இரண்டைத்தான் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். ஒரே பதிலை எத்தனை பேருக்குத்தான் ரோட்டில் நின்று கத்திச் சொல்வது, அதனால் எழுதிவிட்டேன்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் அலறுகிறது. ஒரு நிமிஷம் கழித்து அதுவாகவே அடங்குகிறது. ஏன்?

அப்படித்தான் இருக்க வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற இன்ஜின் குளிர்ந்து கிடக்கும், ஆயில் கெட்டியாக இருக்கும், பெட்ரோலும் சரியாக ஆவியாகாது. அதனால் வண்டியின் கம்ப்யூட்டர் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் விட்டு, ஆர்பிஎம்மை, அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்கிற எண்ணை, 1,200, 1,400 என்று தூக்கி வைத்துக்கொள்ளும். இன்னொரு காரணமும் உண்டு, அது பலருக்குத் தெரியாது. சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்று ஒன்று இருக்கிறது, அது 250, 300 டிகிரி சூடு ஏறினால்தான் வேலையே செய்யும். அதைச் சீக்கிரம் சூடாக்குவதற்காகவே தீப்பொறியைக் கொஞ்சம் தாமதமாக விட்டு, சூடான புகையை அந்தப் பக்கம் தள்ளுகிறார்கள். அந்த நேரத்தில் இன்ஜின் சத்தம் கரடுமுரடாகத்தான் கேட்கும். சூடு ஏற ஏற ஆர்பிஎம் இறங்கி, 650-க்கும் 900-க்கும் நடுவில் எங்கேயாவது போய் நிற்கும். எந்த எண் என்பது வண்டிக்கு வண்டி மாறும்.

அது அடங்குகிற வரைக்கும் வீட்டு வாசலில் நின்று ரேஸ் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். அரை நிமிஷம் விட்டுவிட்டு மெதுவாக எடுத்துப் போனால் போதும். நின்ற இடத்தில் சூடாவதைவிட ஓடும்போது சீக்கிரம் சூடாகும். அந்தக் காலத்து அம்பாசிடரை எழுப்புகிற மாதிரி இதை எழுப்பத் தேவையில்லை.

வண்டி நிற்கும்போது சீட்டு, ஸ்டீயரிங், கியர் ராடு எல்லாம் நடுங்குகிறது. பழைய காரில் இப்படி இல்லையே?

அதிகம் பேர் கேட்கிற கேள்வி இதுதான், பதிலும் கொஞ்சம் நீளம்.

முதலில் உங்கள் வண்டியில் எத்தனை சிலிண்டர், அதாவது எரிபொருள் வெடிக்கிற உருளை, என்று பாருங்கள். முன்பு நாலு சிலிண்டர் இருந்த இடத்தில் இப்போது பல கம்பெனிகள் மூன்று போடுகின்றன. ஸ்விஃப்டையே எடுத்துக்கொள்ளுங்கள், 2024-ல் வந்த புது மாடலில் 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் நாலிலிருந்து மூன்று சிலிண்டருக்கு மாறிவிட்டது. டியாகோ, க்விட், மேக்னைட், வேகன் ஆரின் 1 லிட்டர் இன்ஜின், வென்யூவின் 1 லிட்டர் டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற வகை) எல்லாமே மூன்றுதான். பொலேரோவின் 1.5 டீசல் கூட மூன்றுதான். சிலிண்டர் குறைந்தால் உரசுகிற பாகம் குறையும், எடை குறையும், மைலேஜ் கூடும். அதற்கு நாம் கொடுக்கிற விலை இந்த நடுக்கம்.

கணக்கு எளிது. ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வெடிக்கும். இன்ஜின் 750 ஆர்பிஎம்மில் நிற்கிறது என்றால் நொடிக்கு பன்னிரண்டரைச் சுற்று. நாலு சிலிண்டரில் அது நொடிக்கு 25 வெடிப்பு, மூன்று சிலிண்டரில் 19-ஐத் தொடாது. மூன்று பேர் உரலில் மாறி மாறி உலக்கை போடுவதையும் நாலு பேர் போடுவதையும் நினைத்துப் பாருங்கள், மூன்று பேர் போடும்போது ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் இடைவெளி காதுக்குத் தனியாகத் தெரியும். அதே கதைதான் இங்கேயும். ஒரு சிலிண்டர் தள்ளி முடித்து அடுத்தது தள்ள ஆரம்பிக்கும் முன் யாருமே தள்ளாத ஒரு சின்ன இடைவெளி மூன்று சிலிண்டரில் உண்டு, நாலில் இல்லை. போதாததற்கு மூன்று சிலிண்டர் இன்ஜின், நடுவில் ஆணி அடித்த பலகை மாதிரி, இந்தக் கோடியும் அந்தக் கோடியும் மேலும் கீழும் ஆடப் பார்க்கும். இதையெல்லாம் இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் மவுண்டிங்குகள் முழுங்குகின்றன. முழுங்கியது போக மிச்சம் உங்கள் சீட்டுக்கு வருகிறது.

ரேஸ் கொடுத்தால் இது மறைந்துவிடும், 1,500-ஐத் தாண்டினால் தேடினாலும் கிடைக்காது. வெடிப்புகள் நெருங்கிவிட்டால் உடம்புக்குத் தனித்தனியாகத் தெரியாது. அப்படி மறைகிறது என்றால் நிம்மதியாக இருங்கள்.

ஒரு விஷயம். இந்த ஊர் இருபது வருஷம் மாருதி 800-லும் ஆம்னியிலும் ஓடிய ஊர். இரண்டிலும் அதே 796 சிசி மூன்று சிலிண்டர்தான், நடுங்கத்தான் செய்தது, ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. அப்போது கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினோம், ரோட்டுச் சத்தத்தில் எல்லாம் கரைந்துவிடும். இப்போது கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டு, பத்து லட்சம் கடனை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறோம். முதல் மாதம் எல்லாருக்கும் பாம்புக் காதுதான்.

சரி, எவ்வளவு நடுங்கினால் சாதாரணம்?

இதற்கு மெஷின் வைத்து எண் சொல்ல என்னிடம் வழியில்லை, என்னுடைய சோதனை இதுதான். சூடான வண்டியை நியூட்ரலில் விட்டு, கப் வைக்கிற இடத்தில் மூடியில்லாத தண்ணீர் பாட்டிலைப் பாதி அளவோடு வையுங்கள். தண்ணீர் மேலே நெருக்கமான சின்ன வளையங்கள் ஒரே சீராக வந்துகொண்டிருந்தால் அது இன்ஜினின் துடிப்பு. வளையம் நின்று நின்று வந்தாலோ, அவ்வப்போது பாட்டிலே ஒரு குலுக்கு குலுங்கினாலோ, எங்கோ ஒரு சிலிண்டர் தவறுகிறது, மெக்கானிக் பாஷையில் "மிஸ் அடிக்குது". எல்லை தாண்டிக் கேரளாவில் புனலூர்ப் பக்கத்து மெக்கானிக்கும் அதே "மிஸ்ஸிங்"தான் சொல்வார். சீரான நடுக்கம் குணம், சீரில்லாத நடுக்கம் கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏசி போட்டால் நடுக்கம் கூடுகிறது. நடுநடுவே "டக்" என்று சத்தமும் வருகிறது.

ஏசி கம்ப்ரசரைச் சுற்றுவதும் இன்ஜின்தான். கம்ப்ரசர் கிளட்ச் பிடிக்கும்போது அந்த "டக்". பாரம் ஏறியதும் இன்ஜின் ஒரு கணம் தொய்ந்து, கம்ப்யூட்டர் ஆர்பிஎம்மைக் கொஞ்சம் ஏற்றிச் சமாளிக்கும். கூடவே ரேடியேட்டர் ஃபேன் "விர்ர்" என்று எழும். குளிர் போதுமான அளவு வந்ததும் கம்ப்ரசர் விடும், மறுபடி பிடிக்கும். சித்திரை வெயிலில் தென்காசி பஸ் ஸ்டாண்டு நெரிசலில் நின்றால் இது ஓயாமல் நடக்கும். ஏசியை அணைத்ததும் டேஷ்போர்டுக்குள் "உஸ்ஸ்" என்று கேட்பது உள்ளே கேஸ் சமநிலைக்கு வருகிற சத்தம், லீக் இல்லை. காருக்கு அடியில் சொட்டுகிற தண்ணீரும் ஏசி தண்ணீர்தான்.

பானெட்டைத் திறந்தால் தையல் மெஷின் மாதிரி "டிக் டிக் டிக்" என்று ஓடுகிறது. வால்வு போய்விட்டதா?

போகவில்லை. அது இன்ஜெக்டர். ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு தடவை பெட்ரோலைப் பீச்ச மின்சாரத்தில் திறந்து மூடுகிற குட்டி வால்வு அது, அந்தத் தட்டல்தான் கேட்கிறது. டர்போ பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள்ளேயே பீச்சுகிறார்கள், அதற்கு 200 பார், அதற்கும் மேலே அழுத்தம் வேண்டும், அந்தப் பம்பும் சேர்ந்து தட்டும். சிஎன்ஜி வண்டியில் கேஸுக்குத் தனி இன்ஜெக்டர், அது இன்னும் பலமாகவே தட்டும். பெட்ரோல் டேங்க் ஆவியை இழுத்து எரிக்கிற பர்ஜ் வால்வு என்று ஒன்று உண்டு, ஓடிக்கொண்டிருக்கும்போது சில நேரம் மட்டும் டிக் டிக் என்று அடித்துவிட்டு நின்றுவிடும், மெக்கானிக்கிடம் காட்டும்போது மட்டும் வராது. சாவி போட்டதும் பின் சீட்டுப் பக்கம் இரண்டு நொடி "ஙொய்" என்பது பெட்ரோல் பம்ப்.

புளியரை ஏற்றத்தில் வண்டி உறுமி உதறுகிறது. புது வண்டி இப்படிச் செய்யலாமா?

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது, எந்த கியரில் ஏறினீர்கள்?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொல்லம், திருமங்கலம் ரோடு, இப்போது 744-ம் எண் தேசிய நெடுஞ்சாலை, புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டியதும் எஸ் வளைவில் ஏறி கோட்டைவாசல் வழியாக ஆரியங்காவுக்குப் போகிறது. ஏற்றம் ரொம்பச் செங்குத்து என்று சொல்ல முடியாது, பிரச்சனை லாரிதான். கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகிற பெரிய லாரிகள் நடை வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும், பின்னால் நாம். முந்த முடியாது. வேகம் 15, 20. நம் ஆட்கள் கியரை இறக்க மனசில்லாமல் மூன்றாவதிலேயே அழுத்துவார்கள். ஆர்பிஎம் 1,100-க்கு இறங்கியிருக்கும், கால் பாதிக்கு மேல் அழுத்தியிருக்கும், அந்த நேரத்தில் மூன்று சிலிண்டர் இன்ஜின் "ங்ர்ர்ர்" என்று உடம்பையே உலுக்கும். மேட்டில் பாரம் ஏற்றிய மாட்டை அடித்து ஓட்டுகிற மாதிரிதான் இது. உலுக்கல் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை, இப்படி இழுத்தால் உள்ளே எரிபொருள் நேரம் தவறி வெடித்து நாக்கிங் வரும், டர்போ வண்டிக்கு அது கூடவே கூடாது. இரண்டாவதற்கு, தேவைப்பட்டால் முதலுக்கு இறக்குங்கள். ஆர்பிஎம் 2,000-க்கு மேல் இருக்கட்டும். சத்தம் கூடும், நடுக்கம் குறையும். அந்தச் சத்தத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது இன்ஜின் மூச்சு விட்டு வேலை செய்கிற சத்தம்.

போன மாதம் ஒரு தம்பி இதே புகாரோடு வந்தான். அவனையே ஓட்டச் சொல்லி நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி உதற ஆரம்பித்ததும் "இப்ப ரெண்டுக்கு மாத்துல" என்றேன். மாற்றினான். உதறல் அந்த இடத்திலேயே நின்றது. அவன் முகத்தில் நிம்மதி வரவில்லை, சின்ன ஏமாற்றம்தான். ஏதாவது பார்ட் மாற்றினால்தான் மனசு ஆறும் என்று நினைத்திருப்பான் போல.

இறக்கத்தில் இன்னொரு சத்தம். கியரில் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் "ஊஊ" என்று ஒரு இரைச்சல் வரும். அது இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்துகிற சத்தம், பிரேக்கைக் காப்பாற்றுகிறது, வரட்டும்.

ஆட்டோமேட்டிக் எடுத்தேன். கதவைத் திறந்தாலே ஏதோ மோட்டார் ஓடுகிறது, கியர் மாறும்போது தலை முன்னால் போய் வருகிறது.

உங்களுடையது ஏஎம்டி. அதாவது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் நம் கால் கைக்குப் பதிலாக ஒரு மோட்டாரும் ஆயில் அழுத்தமும் இயக்குகின்றன. டிரைவர் கதவைத் திறந்ததுமே சில வண்டிகளில் அந்தப் பம்ப் அழுத்தம் ஏற்றி வைத்துக்கொள்ளும், அதுதான் நீங்கள் கேட்கிற சத்தம். கியர் மாறும்போது கிளட்ச் விட்டுப் பிடிப்பதால் தலையாட்டல். மாறுகிற நேரத்தில் காலைக் கொஞ்சம் தளர்த்திப் பழகினால் பாதி குறையும்.

சிவிடி, அதாவது படிப்படியான கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடுகிற ஆட்டோமேட்டிக், என்றால் கதை வேறு. காலை அழுத்தினால் இன்ஜின் ஒரே சுதியில் கத்தும், வேகம் பின்னால் மெதுவாக வரும். பழகத்தான் வேண்டும். சிவிடியானாலும் ஏஎம்டி அல்லாத வேறு ஆட்டோமேட்டிக்கானாலும் ரயில்வே கேட்டில் டி-யில் பிரேக்கை மிதித்துக்கொண்டு நின்றால் நடுக்கம் கூடுதலாகத் தெரியும், ஏனென்றால் வண்டி முன்னால் தள்ளப் பார்க்கிறது, நீங்கள் பிடித்துவைத்திருக்கிறீர்கள். நியூட்ரலுக்கு மாற்றிப் பாருங்கள், அடங்கும்.

டீசல் வண்டி. ஒரு நாள் வீட்டுக்கு வந்து நிறுத்திய பிறகும் ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது, கருகிய வாடை வேறு.

டீசல் தட்டுவது பிறவிக் குணம். தீப்பொறி கிடையாது, காற்றை அழுத்திய சூட்டிலேயே டீசல் வெடிக்கிறது, அதனால் அந்தக் "கட கட". அதைக் கேட்க வரவில்லை என்று தெரியும்.

ஃபேன் விஷயம் 2020 ஏப்ரல் 1-லிருந்து வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில்தான் அதிகம். சைலன்சர் பாதையில் கரியைப் பிடித்து வைக்கிற ஃபில்டர் ஒன்று, டிபிஎஃப், இருக்கிறது. அது நிறைந்ததும் வண்டி தானாகவே ஏறக்குறைய 600 டிகிரி வரை சூடாக்கி அந்தக் கரியை எரிக்கும். அப்போது நின்றிருக்கும்போது ஆர்பிஎம் கூடும், சத்தம் மாறும், மீட்டரில் மைலேஜ் திடீரென்று விழும், ஃபேன் வேகமாக ஓடும். நடுவில் நீங்கள் சாவியை எடுத்துவிட்டீர்கள், அதுதான் வாடையும் ஃபேனும். ஒரு தடவை நடந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் வீடு, கடை, பள்ளிக்கூடம் என்று தினமும் மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுகிறவர் என்றால் அந்த எரிப்பு முடியவே முடியாது, ஒரு நாள் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். வாரம் ஒரு தடவை திருமங்கலம் ரோட்டில் அரை மணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள். தரையில் வைக்கோல் கிடக்கிற களத்தில் அந்தச் சூட்டோடு கொண்டுபோய் நிறுத்தாதீர்கள், தீப்பிடிக்கலாம்.

அணைத்த பிறகு அடியில் "டிங்… டிங்…" என்று கேட்கிறது.

சூட்டில் விரிந்த சைலன்சரும் தகடும் ஆறும்போது சுருங்குகின்றன. தகரக் கூரை வீட்டில் மாலையில் கேட்கிற அதே சத்தம். முதல் சில நாள் லேசான புகையும் வாடையும்கூட வரலாம், தொழிற்சாலையில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய மெழுகு எரிகிறது.

80, 90-ல் போகும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறது. இதுவும் இன்ஜினா?

பெரும்பாலும் இல்லை. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்து அதைத் தாண்டினால் குறைகிற நடுக்கம் வீல் பேலன்ஸ். புது வண்டியிலும் வரும். அதற்கு முன் டயர் காற்றைப் பாருங்கள். வண்டியை லாரியில் ஏற்றி வரும்போது காற்றைக் கூடுதலாக அடித்து அனுப்புவது வழக்கம், டெலிவரிக்கு முன் குறைக்க வேண்டியது ஷோரூம்காரர் வேலை, சில சமயம் மறந்துவிடுவார்கள். 33 இருக்க வேண்டிய இடத்தில் 40-ஐத் தாண்டிப் பார்த்திருக்கிறேன். டிரைவர் கதவுப் பக்கத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு இறக்கினால் பாதிப் பேரின் "இன்ஜின் நடுக்கம்" காணாமல் போய்விடும். ரொம்ப நாள் யார்டில் நின்ற வண்டி என்றால் டயர் ஒரு பக்கம் தட்டையாகி, முதல் சில கிலோமீட்டர் "தட தட" என்று வந்து சூடானதும் சரியாகலாம்.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்கைக் காட்டுங்கள்.

இன்ஜினா, டயரா என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆளில்லாத சமதள ரோட்டில், சத்தம் வருகிற வேகத்தில், கிளட்சை மிதித்து இன்ஜினை அதன் போக்கில் இறங்க விடுங்கள். ஆர்பிஎம் விழுந்தும் சத்தம் அப்படியே இருந்தால் டயர், வீல், வெளிக்காற்று இவற்றில் ஒன்று. சத்தமும் கூடவே விழுந்தால் இன்ஜின் பக்கம். பிறகு வண்டியை நிறுத்தி நியூட்ரலில் அதே ஆர்பிஎம்முக்கு ரேஸ் கொடுத்துப் பாருங்கள், அப்போதும் அதே சத்தம் வந்தால் இன்ஜின் பக்கம்தான். இதை மலை இறக்கத்தில் செய்து பார்க்காதீர்கள்.

ஆடி மாதக் காற்றில் புளியரைப் பக்கம் ஓட்டி இந்தச் சோதனை செய்வதும் வீண். மலை இடைவெளி வழியாக அடிக்கிற காற்றில் எந்தக் காரும் ஊளையிடும்.

சாரல் நேரத்தில் காலையில் எடுத்தால் பிரேக் "கர கர" என்கிறது, கிளட்ச் உதறுகிறது.

ராத்திரி முழுக்க ஈரத்தில் நின்றால் பிரேக் டிஸ்க்கில் மெல்லிய துரு படியும். நாலைந்து தடவை பிரேக் போட்டதும் தேய்ந்து போய்விடும். கிளட்சும் அதே மாதிரிதான், ஈரம் காய்ந்ததும் சரியாகும். ஐப்பசியிலும் இதே கேள்வி வரும். மதியத்துக்கு மேலும் போகவில்லை என்றால் மட்டும் காட்டுங்கள்.

இன்ஜின் பக்கமிருந்து "லொட லொட", "ர்ர்ர்" என்று தகரச் சத்தம். சர்வீஸில் இரண்டு தடவை பார்த்தும் கிடைக்கவில்லை.

ஒரு நாள் முழுக்க நானே தேடிய சத்தம் கடைசியில் நம்பர் பிளேட்டாக இருந்தது. 2,000 ஆர்பிஎம்மில் மட்டும் பம்பரோடு சேர்ந்து அதிர்ந்து "ர்ர்ர்" என்றது, பின்னால் இரண்டு துண்டு ஸ்பாஞ்ச் ஒட்டியதும் செத்துப்போனது. அதற்குப் பிறகு நான் முதலில் பார்ப்பது இன்ஜினையே இல்லை. டிக்கியில் ஜாக்கி, ஸ்பானர் பை இறுக்கமாக இருக்கிறதா, டேஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையார் ஆடுகிறாரா, பூஜை போட்ட அன்று முன்னால் கட்டிய எலுமிச்சை, மிளகாய்க் கம்பி கிரில்லில் உரசுகிறதா, கிளவ் பாக்ஸில் சில்லறை கிடக்கிறதா, இதெல்லாம்தான். அப்புறம் அடியில் இன்ஜினுக்குக் கீழே இருக்கிற பிளாஸ்டிக் தட்டு. நம் ஊர் வேகத்தடையில் ஒரு தடவை உரசினால் போதும், ஒரு கிளிப் கழன்று காற்றுக்கு அடித்துக்கொள்ளும். கிளிப்பின் விலை ஒரு டீ, வடைதான்.

முதல் 1,000 கிலோமீட்டர் எப்படி ஓட்டுவது? அதற்குப் பிறகு சத்தம் குறையுமா?

கொஞ்சம் குறையும், ஆனால் மூன்று சிலிண்டர் நாலு சிலிண்டர் ஆகிவிடாது. உள்ளே உரசுகிற பாகங்கள் ஒன்றோடொன்று பழகுகிற காலம் இது. வண்டியோடு தருகிற மேனுவல் புத்தகத்தில் பொதுவாகச் சொல்வது: முழு ஆக்சிலேட்டர் வேண்டாம், மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் போக வேண்டாம், கனத்த பாரம் வேண்டாம். 40-லேயே உருட்ட வேண்டும் என்று எங்கேயும் இல்லை, வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுவதுதான் நல்லது. புது வண்டியில் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு நேராகச் சபரிமலைக்குக் கிளம்புகிற வழக்கத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை, ஐயப்பன் பார்த்துக்கொள்வார், ஆனால் அந்த மேனுவலையும் ஒரு தடவை படியுங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோலால்தான் நடுங்குகிறது என்கிறார்களே?

பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பதால் மைலேஜ் கொஞ்சம் குறையும், அது உண்மை, ஏனென்றால் எத்தனாலை எரித்தால் வருகிற சூடு குறைவு. ஆனால் ஆக்டேன், அதாவது நேரம் தவறி வெடிக்காமல் தாங்குகிற குணம், கூடுதல், அதனால் நாக்கிங்கை அது தடுக்கத்தான் செய்யும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டி அதைத் தாங்குகிற மாதிரி செய்தது. நடுக்கத்துக்கு வேறு காரணம் தேடுங்கள்.

எப்போதுதான் பயப்பட வேண்டும்?

நேற்று இல்லாத சத்தம் இன்று வந்தால். ஆர்பிஎம் கூடக் கூட இரும்பு இரும்பில் அடிக்கிற மாதிரி "டொக் டொக்" வேகமெடுத்தால். ஆயில் கேன் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால் அடுத்த வளைவு வரைக்கும்கூட ஓட்டாதீர்கள், ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள். இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தபடி நின்றால் அன்றைக்கோ மறுநாளோ காட்டலாம், அது மின்னி மின்னி எரிந்தால் ஒரு சிலிண்டர் எரிக்காமல் பெட்ரோலை அப்படியே வெளியே தள்ளுகிறது என்று அர்த்தம், அந்தப் பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் சேர்த்துக் கெடுக்கும். ஓட்டாமல் போன் போடுங்கள்.

எனக்கே நடந்தது. வண்டி எடுத்து இரண்டாவது மாதம், வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பு. ஒரு நாள் காலையில் ஸ்டார்ட் செய்தால் கார் முழுவதும் காய்ச்சல்காரன் மாதிரி உதறுகிறது, மஞ்சள் விளக்கு மின்னுகிறது. மூன்றில் ஒன்று போனால் மூன்றில் ஒரு பங்கு பலமே போச்சு. பானெட்டைத் தூக்கினால் இன்ஜின் கவர் மேலே ஒரு சிரட்டைத் துண்டு, பாதி கொறித்த அண்டிப்பருப்பு மூன்று, பஞ்சு கொஞ்சம், நடு சிலிண்டருக்குத் தீப்பொறி கொடுக்கிற காயிலுக்குப் போகிற வயர் சுத்தமாகக் கத்தரித்தது போல இரண்டு துண்டு. எலி குடும்பமே நடத்தியிருக்கிறது. வயரிங் வாரண்டியில் வராது என்றுவிட்டார்கள், எலிக் கடி பொதுவாக வாரண்டியில் வராது, இன்சூரன்ஸில் கேட்டுப் பார்க்கலாம். அன்றிலிருந்து ராத்திரி பானெட்டைக் கொஞ்சம் திறந்து வைத்து உள்ளே ஒரு பல்பு எரியவிடுகிறேன். பக்கத்து வீட்டு அக்கா புகையிலையைத் துணியில் கட்டித் தொங்கவிடச் சொன்னார்கள், அதையும் செய்தேன். எது வேலை செய்கிறது என்று தெரியவில்லை, எலி மட்டும் திரும்ப வரவில்லை.

ஷோரூமில் "இது நார்மல் சார்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். என்ன செய்வது?

அதே மாடல், அதே இன்ஜின் வண்டி ஒன்று அங்கே நிற்கும். அதை ஸ்டார்ட் செய்யச் சொல்லி உட்கார்ந்து பாருங்கள். உங்களுடையது மாதிரியே இருந்தால் அவர் சொல்வது சரி, விட்டுவிடுங்கள். வித்தியாசம் தெரிந்தால் அட்வைசரையும் இரண்டிலும் உட்கார வையுங்கள். காலைச் சத்தம் என்றால் முந்தின ராத்திரியே வண்டியை அங்கே விட்டுவிட்டு வாருங்கள், சூடான வண்டியைக் கொண்டுபோய் குளிர்ச் சத்தத்தைக் காட்ட முடியாது. வீடியோ எடுப்பதானால் ஆர்பிஎம் முள்ளும் சேர்ந்து தெரிய வேண்டும், வெறும் சத்தத்தை வைத்து யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. ஜாப் கார்டில் "கஸ்டமர் புகார்: சத்தம்" என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். எந்த ஆர்பிஎம், சூடாகவா குளிராகவா, ஏசி போட்டா போடாமலா என்று எழுதச் சொல்லி ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு வாரண்டி என்று வாய் திறக்க அந்தத் தாள் இருக்க வேண்டும். வெளி மெக்கானிக்கிடம் கொடுத்து மவுண்டிங் மாற்றுவது, வயரை வெட்டி ஒட்டுவது எல்லாம் வாரண்டி முடிகிற வரைக்கும் வேண்டாம். என் கடையில் மவுண்டிங் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

தென்காசியில் எடுத்த வண்டியை புனலூரில் சர்வீஸ் விடலாமா?

தாராளமாக. கம்பெனி வாரண்டி இந்தியா முழுவதற்கும்தான், மாநில எல்லை அதற்குக் கிடையாது. பாஷை பற்றியும் கவலைப்படாதீர்கள், செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம்தான் இருந்தது, அந்தப் பக்கத்து மெக்கானிக் நம்மை "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார், நாம் அவரை "சேட்டா" என்போம், வண்டி சமாச்சாரம் பாதி இங்கிலீஷிலேயே ஓடிவிடும். ஒரே ஒரு வார்த்தையில் மட்டும் கவனம். அவர் இன்ஜினைக் கேட்டுவிட்டு "குழப்பமில்லா" என்பார். மலையாளத்தில் குழப்பம் என்றால் கோளாறு, ஆக வண்டியில் கோளாறு இல்லை என்கிறார். என் மச்சான் ஒருவர் அதைக் கேட்டு, "எனக்கும் குழப்பமில்ல சேட்டா, நடுங்குதுன்னு தெளிவாத்தான் சொல்றேன்" என்று கால் மணி நேரம் சண்டை போட்டுவிட்டு வந்தார்.